மாத்திரை வாங்கி 19 நாள் ஆகிறது, அட்டையை இன்னும் பிரிக்கவில்லை

பாலக்கோடு அம்மா:

என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கவனம் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத குறை, ஏ.டி.எச்.டி. என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். அவசரப்பட்டுச் சொல்லவில்லை. மூன்று முறை வரச் சொன்னார்கள். எங்களிடம் நிறைய கேட்டார்கள், பள்ளிக்கு ஒரு படிவம் கொடுத்து டீச்சரிடம் நிரப்பி வாங்கி வரச் சொன்னார்கள். அப்புறம்தான் மெத்தில்பெனிடேட் எழுதினார்கள், காலையில் 5 மில்லிகிராம். வாங்கி வந்து 19 நாள் ஆகிறது. பீரோவில் என் புடவைக்கு அடியில் இருக்கிறது.

வீட்டுக்காரர் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். "நானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தேன், இப்போது என்ன கெட்டுப்போச்சு" என்கிறார். மாத்திரை கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடும் என்று மாமியாருக்குப் பயம். தாயத்து கட்டியாயிற்று. வல்லாரைக் கீரை வாரம் மூன்று நாள் சமைக்கிறார். அது போதாதென்று யாரோ ஒரு வைத்தியரிடம் ஒரு பொடியும் வாங்கி வந்திருக்கிறார். அதில் பெயரும் இல்லை, லேபிளும் இல்லை.

போன மாதம் ஓசூர் ரோட்டில் என் கையை உதறிவிட்டு ஓடினான். லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிள்ளை எனக்கு மிஞ்சினான். அன்று இரவு அவனை அடித்துவிட்டேன். அடித்தது தப்பு என்று தெரியும். மாத்திரை கொடுத்தவர்கள், கொடுக்காமல் வளர்த்தவர்கள், இரண்டு பேரும் சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டை விவசாயி:

பிரிக்காமலே இருங்கள் தங்கச்சி. உங்கள் மனசுக்குள் ஏதோ தடுக்கிறது, அதை மதியுங்கள்.

என் மகளுக்கு ஆறு வயதில் இதே பெயரை வைத்தார்கள். ஒரு தனியார் கிளினிக், பத்து நிமிடம்தான் பார்த்தார்கள். பள்ளியில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் மருந்து கொடுக்கவில்லை. இப்போது அவளுக்குப் பதினொன்று. மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் செல்போனைத் தொடுவதில்லை, நானும்தான். எட்டரைக்குப் படுக்கை. காலையில் ராகிக் களியும் முட்டையும். பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் தோட்டத்தில் இருப்பாள், ஆட்டை ஓட்டிக்கொண்டு போவாள். கலர் போட்ட பாக்கெட் தீனி வாங்குவதே இல்லை. முதல் மூன்று மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆறாவது மாதம் ஒரு பக்கம் முழுக்க எழுந்திருக்காமல் எழுதினாள்.

கலர் விஷயம் நானாகச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சில செயற்கை வண்ணங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்து குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2007ல் முடிவை வெளியிட்டார்கள். துறுதுறுப்பு கூடியது. 2010 முதல் ஐரோப்பாவில் அந்த வண்ணங்கள் சேர்ந்த பாக்கெட்டில், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று அச்சிட வேண்டும். அவற்றில் டார்ட்ராசின், சன்செட் யெல்லோ எல்லாம் இங்கே அனுமதிக்கப்பட்டவை. பெட்டிக்கடையில் தொங்குகிற மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் என்னவென்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று, நீங்கள் பீரோவில் வைத்திருப்பது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்து. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு?

ஓசூர் ரோஜா:

நான் ஓசூரில் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். என் மகன் நான்கு வருடமாக இதே மாத்திரை சாப்பிடுகிறான். இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

அண்ணா சொல்வது சரி, மெத்தில்பெனிடேட் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மருந்துச் சட்டத்திலும் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. தனி லைசென்ஸ் இல்லாமல் விற்க முடியாது. சீட்டின் ஒரு பிரதியைக் கடையில் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ கேட்டவுடன் கிடைக்காது. ஆனால் அறுவைச் சிகிச்சை வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. தவறான கைக்குப் போகக் கூடாது என்பதற்கான காவல் அது. டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்ட பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், பெரியவர்களானதும் போதைப் பழக்கம் இதனால் கூடவில்லை.

மந்தமாகிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அளவு கூடினால் பிள்ளை உம்மென்று உட்காரும், அது உண்மை. அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும், அதற்காகத்தான் 5 மில்லிகிராமில் ஆரம்பிக்கிறார்கள். சாதாரண மாத்திரை வேலை செய்வது கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். அப்புறம் அதன் வேலை குறைந்துவிடும்.

அண்ணாவின் மகள் தேறியதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் பத்து நிமிடத்தில் வைத்த பெயர் தப்பாகவும் இருந்திருக்கலாம் இல்லையா? இந்தக் குறை வீட்டிலும் தெரிய வேண்டும், பள்ளியிலும் தெரிய வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அதை எல்லாம் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும். இந்த அம்மாவின் மகனுக்கு விசாரித்திருக்கிறார்கள்.

தேன்கனிக்கோட்டை விவசாயி:

என் மகளுக்குத் தப்பாக வைத்த பெயர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதே மாத்திரை கொடுத்திருந்தால், இல்லாத நோய்க்கு அஞ்சு வருடம் மருந்து சாப்பிட்டிருப்பாள். என் பயமே அதுதான்.

அமெரிக்காவில் 579 பிள்ளைகளை நான்கு பிரிவாகப் பிரித்து 14 மாதம் பார்த்த ஆய்வு 1999ல் வந்தது. மருந்துதான் முந்தியது என்று எல்லோரும் அதையே சொல்வார்கள். அதே பிள்ளைகளை மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது பிரிவுகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று 2007ல் எழுதினார்கள். மருந்து சாப்பிட்டு வந்த பிள்ளைகள் சாப்பிடாதவர்களைவிட சுமார் 2 சென்டிமீட்டர் குட்டை. இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

ஓசூர் ரோஜா:

சொல்ல வேண்டியதுதான், மறைக்கவில்லை. 14 மாதத்துக்குப் பிறகு யார் என்ன சாப்பிட வேண்டும் என்று ஆய்வுக்காரர்கள் சொல்லவில்லை. மருந்துப் பிரிவில் பலர் நிறுத்தினார்கள், மற்ற பிரிவில் சிலர் ஆரம்பித்தார்கள். பிரிவு கலைந்துபோனால் வித்தியாசம் எப்படித் தெரியும்? உயர விஷயம் உண்மை. என் மகனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்துக் கதவு நிலையில் பென்சிலால் குறித்து வைக்கிறேன். முதல் வருடம் மதியச் சோறு அப்படியே திரும்பி வந்தது. அந்த டிபன் பாக்ஸைக் கழுவும்போது அழுதிருக்கிறேன். அப்புறம் காலையில் சாப்பிட்ட பிறகு மாத்திரை, இரவு ஒன்பதுக்கு இன்னொரு சாப்பாடு என்று மாற்றினோம்.

காவேரிப்பட்டணம் டீச்சர்:

அரசு தொடக்கப்பள்ளியில் 22 வருடமாக இருக்கிறேன். பாலக்கோடு அம்மா, உங்கள் மகன் எந்த மாதம் பிறந்தான்? கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012ல் ஒரு ஆய்வு வந்தது. அங்கே டிசம்பரில் பிறந்தவன்தான் வகுப்பிலேயே சின்னவன். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பர் பையன்களுக்கு 30 சதவீதம் அதிகமாக இந்தப் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வருட இளமையை நோய் என்று எடுத்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்? வகுப்பில் அதை நானே பார்த்திருக்கிறேன். வயதில் சின்னதாக வந்த பிள்ளையை நானும் "அடங்கவே மாட்டேங்கிறான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடங்காத பையனை ஊரே பார்க்கிறது. ஜன்னல் ஓரம் சத்தமில்லாமல் உட்கார்ந்து மணிக்கணக்கில் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதில்லை. அதுவும் இதே குறையாக இருக்கலாம். அவள் ஐந்தாம் வகுப்பு வரும்வரை வாசிக்கத் தெரியாமல் வந்து நிற்பாள்.

பள்ளியில் செய்யக் கூடியது உண்டு. முதல் வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி உட்கார வைக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். பத்துக் கணக்கை மொத்தமாகக் கொடுத்தால் போட மாட்டான், மூன்று மூன்றாகக் கொடுத்தால் போடுவான். நடுவில் சாக்பீஸ் எடுத்து வர, நோட்டைப் பக்கத்து வகுப்புக்குக் கொண்டு போக அனுப்பினால் உடம்புக்கு வேலை கிடைக்கும். விளையாட்டு பீரியடை மட்டும் தண்டனையாகப் பிடுங்க விடாதீர்கள். அவனுக்கு ரொம்பத் தேவைப்படுவதே அதுதான்.

மாத்திரை பிரிப்பதற்கு முன் ரத்தம் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்தாலும் பிள்ளை நிலைகொள்ளாது. காது, கண், இரவில் குறட்டை இவற்றையும் பாருங்கள். மூக்குச் சதை வளர்ந்து தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் இப்படியேதான் இருக்கும். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையைச் சாப்பிட்டானா என்றும் கேளுங்கள்.

அரூர் தம்பி:

எனக்கு 27 வயது. ஓசூர் சிப்காட்டில் வேலை. 24 வயதில்தான் எனக்கு இது இருக்கிறது என்று தெரிந்தது.

விவசாயி அண்ணா, நீங்கள் சொல்கிற ஓட்டம், தோட்டம், ராகி எல்லாம் எனக்கும் இருந்தது. நான் வளர்ந்தபோது எங்கள் வீட்டில் செல்போனே இல்லை. ஆடு மேய்த்தேன், கிணற்றில் நீந்தினேன். அப்படியும் பத்தாவதில் என் பெயரை முழுதாக எழுதி முடிப்பதற்குள் கேள்வித்தாளை மறந்துவிடுவேன். முட்டி போட வைத்தார்கள், பிரம்பு முறிந்தது, குலதெய்வம் கோயிலில் மந்திரித்தார்கள். பிளஸ் டூ இரண்டு தடவை போனது. சோம்பேறி என்று அப்பா சொன்னதை நான் நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன்.

முதலில் கொடுத்த அளவு எனக்கு அதிகம். மூன்று வாரம் பேச்சே வரவில்லை. போய்ச் சொன்னேன், குறைத்தார்கள். இப்போது மெஷினில் எட்டு மணி நேரம் நிற்கிறேன், மனசும் அங்கேயே நிற்கிறது. மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

தேன்கனிக்கோட்டை விவசாயி:

தம்பி, உங்களை அடித்தது பெரிய தப்பு. படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுத வரவில்லை.

என் மகள் அனுபவத்தை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் சொல்கிறேனோ என்று யோசிக்கிறேன். இன்னும் எனக்கு மாத்திரை முதல் வழியாகத் தெரியவில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2019ல் சொல்லியிருக்கிறது.

ஓசூர் ரோஜா:

அதே வழிகாட்டியில் ஆறு வயது தாண்டினால் மருந்தும் பயிற்சியும் சேர்த்து என்று இருக்கிறது அண்ணா. இவனுக்கு எட்டு.

அம்மா, அந்த லேபிள் இல்லாத பொடி பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு மாத்திரையைவிட அதுதான் பயமாக இருக்கிறது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. ஈயம் நேராகப் பிள்ளையின் கவனத்தையும் மூளையையும் கெடுக்கும். வல்லாரைக் கீரையைப் பொரியல் செய்யுங்கள், துவையல் அரையுங்கள், நானும் செய்கிறேன். ஞாபகசக்திக்கு என்று கொடுக்கும் நீர்பிரம்மி என்ற மூலிகையை வைத்துச் சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பொடியில் நீர்பிரம்மிதான் இருக்கிறது என்று யார் சொன்னது?

தேன்கனிக்கோட்டை விவசாயி:

இதில் ரோஜா தங்கச்சி சொல்வதுதான் சரி. தோட்டத்தில் பறித்ததைக் கொடுங்கள். பெயர் தெரியாத பொடியை ஆட்டுக்குக்கூட நான் கொடுக்க மாட்டேன்.

பாலக்கோடு அம்மா:

எல்லோருக்கும் நன்றி. எழுதாமல் இருந்த ஒன்பது நாளில் சில வேலை முடிந்தது.

டீச்சர் அம்மா, அவன் ஆகஸ்டில் பிறந்தவன், வகுப்பில் பெரிய பிள்ளைகளில் ஒருவன். அதனால் வயதைக் காரணம் சொல்ல முடியவில்லை. குறட்டை இல்லை, காது நன்றாகக் கேட்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. இந்த வயதுக்கு 11.5 இருக்க வேண்டுமாம். சிரப் கொடுத்திருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் வர்க்கியோடு டீ குடிப்பான். டீ இரும்புச்சத்தைச் சேர விடாது என்று சொன்னதால் நிறுத்திவிட்டோம். மாமியார்தான் முதலில் நிறுத்தினார்.

பொடியை அவரே குப்பையில் கொட்டினார். ஈயம் என்று சொன்னதும் வேறு பேச்சே இல்லை. ஈயம் கலந்த பெயின்ட் அடிக்கும் வேலையில் அவருடைய அண்ணனுக்கு ஏதோ ஆகியிருக்கிறது, அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸுக்கு நானே போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். என் வீட்டுக்காரரையும் பேச வைத்தேன். அரூர் தம்பி எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, எட்டாவதில் தான் ஏன் பள்ளியை விட்டேன் என்று சொன்னார். கல்யாணமாகி பத்து வருடத்தில் அதை இப்போதுதான் கேட்கிறேன்.

இரும்பு சிரப் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகுமாம். அதுவரை ரோட்டில் அவன் ஓடாமல் இருப்பான் என்று என்னால் நம்பி இருக்க முடியாது. சிரப்பையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நிலைக்கதவில் உயரத்தைக் குறித்துவிட்டேன். எடை 21 கிலோ. செல்போன் ஆறு மணிக்குப் பீரோவுக்குள் போகிறது, மாத்திரை இருந்த இடத்தில்.

திங்கட்கிழமை ஏழரைக்குக் களியும் முட்டையும், எட்டு மணிக்கு மாத்திரை. விவசாயி அண்ணா, களிக்கு மாவு எவ்வளவு, அரிசிக் குருணை எவ்வளவு போடுவீர்கள்? என் கையில் கட்டி கட்டியாக வருகிறது, அதனால்தான் அவன் சாப்பிடுவதில்லை.

தேன்கனிக்கோட்டை விவசாயி:

ஒரு டம்ளர் மாவுக்குக் கால் டம்ளர் குருணை. குருணை நன்றாக வெந்த பிறகு மாவைக் கொட்டி, உடனே கிளறாமல் மூடி ஐந்து நிமிடம் வைத்து, அப்புறம் களிக்கோலால் கிளறுங்கள். மதியம் டிபன் பாக்ஸ் எப்படித் திரும்பி வந்தது என்று மட்டும் எழுதுங்கள் தங்கச்சி.