கல்யாணமாகாத கார்ட்டர் எப்படி "மிசஸ்" ஆனார்?

நித்திலா:
ஆங்கில எழுத்தாளர் எலிசபெத் கார்ட்டர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பழங்காலத் தத்துவ அறிஞர் எபிக்டெட்டஸின் எழுத்தைக் கிரேக்க மொழியிலிருந்து 1758-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர், கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஆனால் அவருடைய நண்பர் சாமுவேல் ஜான்சன் உட்பட எல்லோரும் அவரை மிசஸ் கார்ட்டர் என்றுதான் சொல்கிறார்கள். ஏன்? வயதுக்குக் கொடுத்த மரியாதையா?

பழங்கணக்கு:
வயது மட்டும் இல்லை, அந்தஸ்து. மிஸ்ட்ரஸ் என்பதன் சுருக்கம்தான் மிசஸ், ஜான்சனின் 1755 அகராதியிலேயே மிஸ்ட்ரஸுக்கு முதல் பொருள் ஆளுகிற பெண் என்பதுதான், மனைவி இல்லை. கீழே நாலு வேலையாட்கள் இருந்தாலோ சொந்தமாகத் தொழில் நடத்தினாலோ, கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் அவர் மிசஸ். கூலிக்காரர் மனைவிக்குப் பெரும்பாலும் அந்தப் பட்டமே கிடையாது. ஏமி எரிக்சன் என்ற கேம்பிரிட்ஜ் வரலாற்றாய்வாளர் 2014-ல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பழைய பதிவேட்டில் மிசஸ் என்று பார்த்ததும் யாரோ ஒருவரின் மனைவி என்று முடிவு கட்டி, சொந்தக் காலில் நின்ற எத்தனை பெண்களை நாம் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருப்போம் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நித்திலா:
சரி, அப்புறம் எப்போது மாறியது?

கடலோரம்:
மிஸ் முதலில் சிறுமிகளுக்கு உரியது. 18-ம் நூற்றாண்டின் நடுவில் மேல்தட்டுக் குடும்பங்கள் வளர்ந்த பெண்களையும் அப்படி அழைக்க ஆரம்பித்தன, அது மெல்ல மெல்லக் கீழே பரவியது. 1800 வாக்கில் இன்னும் மோசம்: கணவர் பெயரை முழுசாகப் போட்டு மிசஸ் ஜான் இன்னார் என்று எழுதும் வழக்கம் வந்தது, அதில் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் ஒரு எழுத்துகூட இல்லை. பெரிய வீடுகளில் வேலையாட்களை மேய்த்த ஹவுஸ்கீப்பருக்கு மட்டும் பழைய வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது, கல்யாணமாகாவிட்டாலும் அவர் மிசஸ்தான்.

பழங்கணக்கு:
கல்யாணம் ஆனதா இல்லையா என்று காட்டிக்கொடுக்காத எம்எஸ் (Ms) என்ற பட்டத்தின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரப் பத்திரிகை ஒன்று 1901-லேயே அதைப் பரிந்துரைத்தது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1984-ல் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜெரால்டின் ஃபெராரோவின் கணவர் பெயர் ஸக்காரோ, ஃபெராரோ என்பது பிறந்த வீட்டுப் பெயர். அப்படியும் நியூயார்க் டைம்ஸ் அவரை மிசஸ் ஃபெராரோ என்றே எழுதியது, கணக்குப்படி அது அவருடைய அம்மாவின் பட்டம்! அந்தப் பத்திரிகை எம்எஸ்ஸை ஏற்றுக்கொள்ள 1986 ஆகிவிட்டது.