பிச்சிக் கம்பு ஏன் கறுத்துப் போகிறது?

பாளையங்கோட்டைக்காரி:
எதிர்த்த வீட்டு ஆச்சி பிச்சிக்கொடியில் நாலு கம்பு ஒடித்துத் தந்தார்கள். செம்மண்ணில் ஊன்றி தினமும் ரெண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். தளிர்கூட விட்டது, அப்புறம் ஒவ்வொன்றாக அடியிலிருந்து கறுத்துவிட்டது, பிடுங்கிப் பார்த்தால் ஒரு வேர் இல்லை. மறுபடி போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எங்கே தப்பு?

அம்பை அண்ணாச்சி:
தண்ணீர்தான் கொன்றிருக்கிறது. தளிரை நம்பாதீர்கள், கம்பில் மிச்சமிருக்கும் சத்தில் வேர் இல்லாமலேயே தளிர் வரும். பென்சில் கனத்தில் முற்றின கம்பு, ஒரு சாண் நீளம். ஒடித்தால் நைந்துவிடும், கணுவுக்குச் சற்றுக் கீழே கத்தியால் சரித்து வெட்டுங்கள். மேலே ரெண்டு இலை போதும். செம்மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்து, ரெண்டு கணு உள்ளே போகிற மாதிரி ஊன்றி நிழலில் வையுங்கள். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். வேர் பிடித்ததா என்று ஆட்டி ஆட்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்!

தென்காசி மைனி:
பிச்சிக்குப் பதியம்தான் லேசு. ஆச்சி வீட்டுக்கே ஒரு மண்சட்டியைக் கொண்டுபோங்கள். தாழக் கிடக்கிற கொடியில் ஒரு கணுவுக்கு அடியில் லேசாகச் சீவி, சட்டி மண்ணில் புதைத்து மேலே கல்லைத் தூக்கி வையுங்கள். வேர் விடும்வரை தாய்க்கொடி சோறு போடும். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்தால் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் பாதி மிச்சம்.

பாளையங்கோட்டைக்காரி:
சரி மைனி, ஆச்சியிடம் கேட்டுவிட்டேன். "திருடிட்டுப் போயிருந்தா முதல்லயே தழைச்சிருக்கும்ளா" என்கிறார்கள்.