அம்மாவுடன் முதல் தடவை ஜப்பான்: எட்டு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

சிப்புட்காரி எழுதியது:

வணக்கம். நவம்பர் முதல் வாரம் அம்மாவை ஜப்பானுக்கு அழைத்துப் போகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து திரும்புகிறோம். கையில் முழுதாக எட்டு நாள் இருக்கிறது.

அம்மாவுக்கு 66 வயது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். நன்றாக நடப்பார், படி இறங்கும்போது மட்டும் முட்டி வலிக்கும். கடைத்தெரு, கேளிக்கைப் பூங்கா எதுவும் வேண்டாம், மலை, அருவி, பழைய கோயில், கோட்டை இதெல்லாம்தான் வேண்டும் என்கிறார். நான் போட்ட பட்டியல்: டோக்கியோ, காமகுரா, ஃபுஜி, நிக்கோ, ஷிராகாவாகோ, கியோட்டோ, நாரா, ஹிமேஜி, ஹிரோஷிமா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவின் அப்பா, என் தாத்தா, ஜப்பான்காரன் காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டு உயிரோடு திரும்பியவர். பயணம் என்றதும் அம்மா முதலில் கேட்டது, "அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்றுதான். இரண்டு நாள் கழித்து அவரே பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அதனால் இந்தப் பயணம் அவருக்கு நல்லபடியாக அமைய வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ ரயிலடி எழுதியது:

செலவு விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். நம் மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. நாடு முழுக்க ரயிலில் சுற்றும் ஜேஆர் பாஸ் வாங்க அவசரப்படாதீர்கள். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் ஒருவழி சுமார் 14,000 யென்தான். ஊருக்குள் சுற்ற, பணம் ஏற்றித் தட்டிப் போகும் சுய்கா அட்டை போதும். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறாதீர்கள். தங்கும் விடுதியிலேயே கொடுத்தால் அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பி வைப்பார்கள், பெரும்பாலும் மறுநாளே வந்து சேரும். அம்மா கையை வீசிக்கொண்டு வரலாம்.

வெட்டுக்காட்டுப் பிள்ளை எழுதியது:

தங்கச்சி, நானும் நம்ம ஊர்தான், லிந்தாங் பக்கம். என் அம்மாவும் மரம் சீவியவர். இரண்டு வருடத்துக்கு முன் இதே நவம்பரில் அழைத்துப் போனேன். அதனால் உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது ஊரை எட்டு நாளில் ஓடிப் பார்த்தால் ரயில் ஸ்டேஷன்தான் மனதில் நிற்கும். காமகுரா, ஷிராகாவாகோ, ஃபுஜி மூன்றையும் எடுத்துவிடுங்கள். டோக்கியோவில் மூன்று இரவு, கியோட்டோவில் நான்கு இரவு. மற்றதெல்லாம் இந்த இரண்டு ஊரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம்தான். ஃபுஜியை விடுவதா என்று மனசு கேட்காது, தெரியும். ஆனால் 3,776 மீட்டர் மலையை ஒரு மேகம் முழுசாக மறைத்துவிடும், ஒரு நாள் வீணாகிவிடும். கியோட்டோவுக்குப் போகும் ஷிங்கான்செனில் வலப்பக்க ஜன்னல், இ எழுத்துள்ள இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். டோக்கியோவை விட்டு முக்கால் மணி நேரத்தில் மலை தெரியும். எங்களுக்கு உச்சி மட்டும்தான் கிடைத்தது. அம்மா இருக்கையிலிருந்தே கைகூப்பினார்.

நிக்கோவை மட்டும் எதற்காகவும் விடாதீர்கள். டோக்கியோ அசாகுசாவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஜப்பானை ஆண்ட ஷோகன் தொக்குகாவா இயேயாசுவின் சமாதி ஆலயம் அங்கே இருக்கிறது. இப்போது நாம் பார்க்கிற கட்டடங்களில் பெரும்பாலானவை அவருடைய பேரன் 1636இல் கட்டி முடித்தவை. தீயதைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே என்று உட்கார்ந்திருக்கும் மூன்று குரங்குகளும் இங்கேதான், குதிரை லாயத்துச் சுவரில். அதற்கு எதிரிலுள்ள களஞ்சியத்தின் மேலே இரண்டு யானைகள் இருக்கின்றன. யானையையே பார்த்திராத ஓவியர் கேள்வி ஞானத்தில் வரைந்து கொடுக்க, அதைப் பார்த்துச் செதுக்கியவை. காதும் வாலும் வேறு மாதிரி இருக்கும். அம்மா அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாக்காமலே இவ்ளோ தூரம் செஞ்சிருக்காங்களே" என்றார்.

ஆலயத்தின் கறுப்பும் சிவப்புமான பளபளப்பு எல்லாம் உருஷி என்ற மரத்தின் பால். அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்கு இறங்கி வரும் தெருவில் உருஷி பூசிய கிண்ணம் விற்கும் சின்னக் கடை ஒன்றில் நுழைந்தோம். சுவரில் ஒரு புகைப்படம். ஒருவர் மரத்தில் கீறிக்கொண்டிருக்கிறார். நம் மரத்தில் சரிவாக ஒரே கோடு போடுவோம் இல்லையா, அங்கே குறுக்காகச் சின்னச் சின்னக் கீறல்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏணிப்படி மாதிரி. பால் வழிந்து மங்கில், அதாவது மரத்தில் கட்டும் கிண்ணத்தில், சேர்வதில்லை. கீறலில் கசிவதைக் கரண்டி போன்ற ஒன்றால் சுரண்டி எடுக்கிறார்கள். அம்மா அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய், காற்றிலேயே கத்தியைப் பிடிப்பது போலக் கையை வைத்து, நம் வெட்டு எப்படி என்று கடைக்காரப் பாட்டிக்கு இழுத்துக் காட்டினார். பாட்டிக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பேசினோம். பத்துப் பதினைந்து வருடம் வளர்த்த மரம் ஒரு பருவத்தில் கொடுப்பது சுமார் 200 கிராம்தானாம். அந்தப் பருவம் முடிந்ததும் மரத்தையே வெட்டிவிடுவார்கள், அடியிலிருந்து புதுத் துளிர் வரும். "ஒரே வருஷமா? நாங்க பட்டை மரத்துப்போகாம பாத்துப் பாத்துச் சீவி, ஒரே மரத்த எத்தன வருஷம் வச்சிருந்தோம்" என்றார் அம்மா. இருந்ததிலேயே சின்னக் கிண்ணம் ஒன்றை வாங்கினார். அதில்தான் இப்போது எங்கள் வீட்டு சாமி மேடையில் திருநீறு இருக்கிறது.

நிக்கோவிலேயே கேகோன் அருவி, 97 மீட்டர். அடிப்பக்கம் வரை மின்தூக்கியில் இறங்கிப் பார்க்கலாம், முட்டிக்கு அதிக வேலை இல்லை. இயேயாசுவின் சமாதிக்கு 207 படி ஏற வேண்டும். அதை நாங்கள் விட்டுவிட்டோம்.

கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி என்ற மலைக் கோயிலுக்கு விடிவதற்கு முன்னால் போங்கள். அது இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. நாங்கள் இனாரி ஸ்டேஷன் பக்கத்திலேயே தங்கி ஐந்தரைக்கு ஏற ஆரம்பித்தோம். ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்கள், நடுவில் ஒற்றையடி மாதிரி பாதை, அங்கங்கே மங்கலான விளக்கு. நான் கைப்பேசி வெளிச்சத்தில் தடுமாறினேன். அம்மா நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு விடியும் முன்னே ரப்பர் மர வரிசையில் நிரை நிரையாக நடந்தவர் அல்லவா, எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். திரும்பி இறங்கும்போதுதான் வாயில்களின் பின்பக்கம் எழுத்து தெரியும், கொடுத்தவர் பெயரும் தேதியும். "உபயம் போட்டிருக்காங்க" என்றார் அம்மா. நம் மாரியம்மன் கோயில் டியூப் லைட்டில் எழுதியிருப்பதும் அதுதானே. உச்சி வரை போக வேண்டாம், ஊர் தெரிகிற நாற்சந்தி வரை போதும். எட்டு மணிக்கு மேல் கூட்டம் வந்துவிடும்.

நாராவுக்கு ஒரு முழு நாள். தோதாய்ஜி கோயிலில் 15 மீட்டர் உயரப் பெரிய புத்தர். 752இல் அவருக்குக் கண் திறந்தவர் தென்னிந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போன போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையிலிருந்து நீளமான நூல்கள் போக, கூடியிருந்தவர்கள் அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டார்களாம், எல்லாருமாகச் சேர்ந்து கண் திறந்த மாதிரி. வாசலில் நுழையும் முன் இதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்து பார்ப்பது வேறு.

கியோட்டோவில் சஞ்சூசங்கென்தோ என்ற நீண்ட மண்டபம், உள்ளே கருணைத் தெய்வமான கன்னோனுக்கு 1,001 சிலைகள். முன்வரிசைக் காவல் தெய்வங்களில் நம் கருடன் இருக்கிறார். அங்கே பெயர் கருரா, புல்லாங்குழல் ஊதுகிறார். சமதளம், முட்டிக்கு நல்லது. தங்கக் கோயில் போனால் அரை மணி நேரம் போதும். 1950இல் எரிந்து 1955இல் திரும்பக் கட்டியது. ஹிமேஜி கோட்டை வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் உள்ளே ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

சாப்பாடு: வெள்ளிக்கிழமை சைவம் என்றால் கவனம். மீசோ சூப், ஊடோன் சாறு எல்லாவற்றிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். கடையில் உமே பழம் வைத்த சோற்று உருண்டை வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் எலுமிச்சை ஊறுகாய் கொண்டு போனோம்.

பழைய கிராணி எழுதியது:

அம்மா கேட்ட கேள்வியை நானும் கேட்டுக்கொண்டவன். என் பெரியப்பா சயாம் போய்த் திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறையும் பெயரும் இருக்கின்றன. நம் தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோருக்கு அதுகூட இல்லை.

டோக்கியோவில், போரில் மாண்டவர்களை வணங்கும் யசுகுனி ஆலய வளாகத்தில் யூஷூகான் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைந்ததும் முன்கூடத்திலேயே ஒரு நீராவி எஞ்சின் நிற்கும். அந்தச் சயாம் பாதையில் ஓடிய எஞ்சின் அது, எண் சி56 31. அதைப் பார்க்கத்தான் நான் போனேன். கறுப்பாக, துடைத்துச் சுத்தமாக நின்றது. சக்கரத்துக்கு நேராக நின்று பெரியப்பா பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆலயத்தில் போர்க் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர்களும் சேர்த்து வணங்கப்படுகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போவதா வேண்டாமா என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும். நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

இன்னோர் இடமும் உண்டு. ஹிகாஷி கோயென்ஜி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ரென்கோஜி என்ற சின்னக் கோயில். நேதாஜியின் அஸ்தி என்று சொல்லப்படும் பேழை 1945இலிருந்து அங்கே இருக்கிறது. அதைப் பற்றிய சர்ச்சை தீரவில்லை. முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலையைப் பார்க்கலாம். நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பெண்கள் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சிராணிப் படைக்குப் போனார்கள்! அம்மாவுக்கு அந்தக் கதைகள் தெரிந்திருக்கும்.

சிப்புட்காரி எழுதியது:

ஐயா, அக்கா, எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எஞ்சின் எண்ணை மட்டும் இரண்டு தடவை கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். "அதப் பாக்கணும். ஆனா முதல் நாளே வேணாம். நிக்கோ போயிட்டு வந்து பாக்கலாம்" என்கிறார். சரி, டோக்கியோவில் மூன்றாவது நாள் அதற்கும் ரென்கோஜிக்கும். ஹிரோஷிமாவையும் ஹிமேஜியையும் எடுத்துவிட்டேன்.

அக்கா, நிக்கோவுக்கு ஒரு ஸ்வெட்டர் போதுமா? கேமரன் மலைக்குப் போட்டுப் போனது ஒன்று இருக்கிறது.

வெட்டுக்காட்டுப் பிள்ளை எழுதியது:

போதாது, தங்கச்சி. அருவிப் பக்கம் காற்று காதுக்குள்ளேயே போகும். உள்ளே ஒட்டிப் போடும் கம்பளி பனியன் ஒன்று, மேலே அந்த ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். காது மூடும் குல்லாவை இங்கேயே வாங்கிவிடுங்கள். அப்புறம், ஊறுகாய்ப் பாட்டிலைப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள்.