மேசியாவை விசுவாசிக்கும் யூதர் யூதராகவே இருக்கிறாரா?

கேள்வி:
கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, எங்கள் வேதபாடக் குழுவில் கலாத்தியர் 3:28 வாசிக்கப்பட்டது. யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று அங்கே எழுதியிருப்பதால், இயேசுவை ஏற்றுக்கொண்ட நாளிலேயே ஒரு யூதர் தம் யூத அடையாளத்தை இழந்துவிடுகிறார் என்று பாடம் நடத்தியவர் விளக்கினார். அப்படியானால், ரோமர் 11:1-இல் அதே பவுல் தம்மை இஸ்ரவேலன் என்று சொல்லிக்கொள்வதை எப்படிப் புரிந்துகொள்வது?

முதல் பதில்:
அந்த வசனம் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்றும் சொல்கிறது. விசுவாசித்தபின் ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும்தானே இருக்கிறார்கள்? தேவனுக்கு முன்பாக உயர்வு தாழ்வு இல்லை என்பதே அங்கே பொருள். பவுல் செய்ததையும் கவனியுங்கள். யூதத் தாய்க்குப் பிறந்த தீமோத்தேயுவுக்கு யூத அடையாளமாகிய விருத்தசேதனத்தை அவர் செய்வித்தார் (அப்போஸ்தலர் 16:3). கிரேக்கனாகிய தீத்துவுக்கோ அது கட்டாயமாக்கப்படவில்லை (கலாத்தியர் 2:3). அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடியவர்கள் விவாதித்தது, புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், விருத்தசேதனம் பெற்று மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்பதைத்தான். விசுவாசித்த யூதர் யூதராக இருக்கலாமா என்ற ஐயம் அங்கே எழவேயில்லை.

இரண்டாம் பதில்:
இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. போலந்தில் யூதராகப் பிறந்த ஆஸ்வால்ட் ரூஃபைசன், நாஜி ஆக்கிரமிப்பின்போது தம் பிறப்பை மறைத்து மீர் நகரக் காவல்துறையில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, அங்கு யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ என்ற பகுதியிலிருந்து ஏராளமான யூதர்கள் 1942-இல் தப்பிச்செல்ல உதவினார். பின்னர் ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது திருமுழுக்குப் பெற்று, போருக்குப்பின் கத்தோலிக்கத் துறவற சபையாகிய கார்மேல் சபையில் துறவியாகி, சகோதரர் டேனியல் என்று அழைக்கப்பட்டார். இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த அவர், யூதர்கள் அங்கே குடியேற உரிமை தரும் 1950-ஆம் ஆண்டின் திரும்பிவரும் உரிமைச் சட்டத்தின்படி தமக்கு யூதர் என்ற முறையில் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார். 1962-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. யூத சமயச் சட்டப்படி அவர் இன்னும் யூதரே என்பதைப் பெரும்பான்மைத் தீர்ப்பு மறுக்கவில்லை. ஆனால் இது சமயச் சார்பற்ற சட்டம் என்பதால், 'யூதர்' என்ற சொல்லுக்குச் சாதாரண மக்கள் கொள்ளும் பொருளையே கொள்ள வேண்டும், கிறிஸ்தவரான ஒருவரை அவர்கள் யூதர் என்று கருதுவதில்லை என்றது. யூத மக்களைக் காக்கத் தம் உயிரையே பணயம் வைத்தவருக்கு இந்த விடை கிடைத்ததை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. பிறகு வழக்கமான குடியேற்ற முறையில் குடியுரிமை பெற்று, 1998-இல் இறக்கும்வரை அந்நாட்டிலேயே வாழ்ந்தார்.

மூன்றாம் பதில்:
1970-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூத சமயத்தைத் தழுவியவர், வேறு சமயத்தைச் சேராதவர் என்ற விளக்கம் சேர்க்கப்பட்டது. இயேசுவை விசுவாசித்தாலும் தாங்கள் யூத சமயத்தவரே என்று வாதாடிய மேசியானிய யூதத் தம்பதியரின் மனுவும் 1989-இல் தள்ளுபடியானது. ஆயினும் இஸ்ரேல் நீதிமன்றத்தை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. 787-இல் கூடிய திருச்சபைத் தலைவர்களின் பேரவையாகிய இரண்டாம் நிசேயா சங்கம், கிறிஸ்தவர்களாக நடித்து மறைவில் ஓய்வுநாளை அனுசரிக்கும் யூதர்களைச் சபையில் சேர்க்கலாகாது என்று விதித்தது. வஞ்சகத்தைத் தடுப்பதே அதன் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் மேசியாவை மெய்யாகவே விசுவாசித்து, முன்னோரின் ஓய்வுநாளையும் வெளிப்படையாகக் காக்க விரும்பிய யூதருக்கு அந்த விதி இடமே வைக்கவில்லை. நியாயப்பிரமாணத்தில் வைராக்கியமாயிருந்த எருசலேமின் முதல் யூத விசுவாசிகள் (அப்போஸ்தலர் 21:20) அந்த நூற்றாண்டில் வாழ்ந்திருந்தால் எந்தச் சபையில் சேர்ந்திருப்பார்கள்?

கேட்டவர்:
நன்றி, சகோதரர்களே. அடுத்த வாரம் அப்போஸ்தலர் 15-ஐயும் 21-ஐயும் சேர்த்து வாசிக்கும்படி குழுவில் கேட்டுக்கொள்ளப்போகிறேன்.