பேண்ட்சா பிளேடு: எத்தனை பல் வாங்கலாம்?

வீட்டு மாடியில வெல்டிங் வேலைக்குச் சின்ன பேண்ட்சா (வளையமா ஓடுற பட்டை பிளேடால இரும்பை அறுக்கிற மெஷின்) ஒண்ணு எடுத்திருக்கேன். பிளேடு 1638 மி.மீ. நீளம், 13 மி.மீ. அகலம். வெட்டுறது பெரும்பாலும் 2 மி.மீ. கனமுள்ள ஸ்கொயர் பைப். எப்பவாவது 25 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) ராடு.

எந்நேரமும் மூணு பல்லாவது இரும்புல பதிஞ்சிருக்கணுமாம். அப்படிப் பார்த்தா பைப்புக்கு இன்ச்சுக்கு 24 பல்லே பத்தாது. அதையே ராடுல விட்டா பல்லிடுக்குல தூள் அடைச்சுக்குது. 10/14 பைமெட்டல் (இன்ச்சுக்கு 10-லேர்ந்து 14 வரைக்கும் பல் மாறி மாறி வர்ற, ரெண்டு உலோகம் சேர்த்துச் செஞ்ச பிளேடு) ஒண்ணையே ரெண்டுக்கும் போடலாமா, இல்ல மாத்தி மாத்தித்தான் போடணுமா?

கட்டிங் வீல் மெஷின் மட்டும் சொல்லாதீங்க, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரைக்கும் பொறி பறக்கும். மரம் அறுக்கிற பேண்ட்சாவும் வேண்டாம். அந்த வேகத்துல இரும்பைத் தொட்டா பல் மழுங்கிடும்.

கோயம்புத்தூர்ல அளவு சொன்னா பிளேடை வெட்டி வெல்டு பண்ணித் தர்ற கடை தெரிஞ்சாலும் சொல்லுங்க.