மபூட்டோவில் மாட்டிக்கொண்டோம், ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போவது?

மொசாம்பிக்கில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள் அவசரமாகச் சொல்லுங்கள். நான், மனைவி, 4 வயதுப் பையன், மூவரும் மபூட்டோ நகரின் நடுவில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் அடைந்து கிடக்கிறோம். 2024 அக்டோபர் 9 தேர்தலிலிருந்தே இங்கே கலவரம் புகைந்துகொண்டிருந்தது. நேற்று, டிசம்பர் 23, ஆளுங்கட்சியான ஃப்ரெலிமோவின் டேனியல் சாப்போ ஜனாதிபதித் தேர்தலில் வென்றதை அரசியலமைப்பு மன்றம் உறுதி செய்ததும் பற்றிக்கொண்டது. ராத்திரி முழுக்க டயர் எரியும் நாற்றம். ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தும் பையன் இருமிக்கொண்டே இருந்தான். தெருமுனையை கல்லும் குப்பைத்தொட்டியும் போட்டு மறித்திருக்கிறார்கள்.

26ஆம் தேதி மதியம் அடிஸ் அபாபா வழியாக ஊருக்கு டிக்கெட். ஏர்போர்ட் சில கிலோமீட்டர்தான், அதுதான் எரிச்சல்!

தெரிந்த மூன்று டாக்சிக்காரர்களையும் கூப்பிட்டாச்சு, யாரும் வரத் தயாரில்லை. ரெஸ்ஸானோ கார்சியா எல்லைப் பக்கம் போகலாமென்றால் தென்னாப்பிரிக்க விசா கிடையாது. இந்தியத் தூதரகத்துக்குப் பெயர், பாஸ்போர்ட் எண், இருப்பிடம் எல்லாம் அனுப்பிவிட்டோம். பயணத் தேதியை மாற்றப் பார்த்தால் ஆப் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மூன்று நாளைக்குத் தண்ணீர், கொஞ்சம் ரொக்கம், இரண்டு பவர்பேங்க் இருக்கின்றன. போர்த்துகீசு அரைகுறை.

மறியல் கூடுவதற்கு முன்னால், விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பி ஏர்போர்ட்டில் போய் உட்கார்ந்துவிடலாமா, இல்லை டிக்கெட் போனாலும் பரவாயில்லை என்று வீட்டிலேயே இருப்பது நல்லதா?