ஊட்டி இன்ஜின் மாடலும் ஃபிட்டர் ஐயா கேட்ட கேள்வியும்

எல்லாரும் அவங்கவங்க வெதரிங் (புது மாடலை ஓடி அழுக்கான நிஜ வண்டி மாதிரி காட்ட பெயிண்ட் பண்றது) அனுபவம் சொல்றீங்க, என்னோடதையும் சொல்லிடறேன். நான் கட்டினது ஊட்டி மலை ரயிலோட எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின், 1:22.5 ஸ்கேல், அதாவது நிஜ வண்டில 22.5-ல ஒரு பங்கு. அந்த ஸ்கேல்ல மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) வண்டி 45 மிமீ தண்டவாளத்துல சரியா உக்காந்துடும். பாடி முழுக்க பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்டினது, எட்டு மாசம் ஆச்சு. நீல பெயிண்ட் அடிச்சு முடிச்சதும் பொம்மை மாதிரி பளபளன்னு நின்னுச்சு, மனசு ஒப்பல. அதனால துரு கலர் பவுடர், ஸ்பாஞ்சுல ஒத்தின பெயிண்ட் பேர்ந்த திட்டு, மேலேருந்து வழியற கறைன்னு வீடியோல பாத்ததெல்லாம் ஒரே வாரத்துல போட்டுட்டேன்.

பக்கத்து தெருவுல ஒரு ஐயா இருக்காரு, குன்னூர் ஷெட்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஆசையா எடுத்துட்டுப் போய் காட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "தம்பி, இது ஓடற வண்டியா, ஓட லாயக்கில்லன்னு கண்டம் பண்ணி நிறுத்தின வண்டியா?"ன்னார்.

ஓடற வண்டின்னேன்.

"அப்ப சக்கரத்தை இணைக்கற ராடுல எப்படி துரு வந்துச்சு? தினம் எண்ணெய் விடறோம், பஞ்சு வேஸ்ட் வெச்சு தொடைக்கறோம், அதுல எங்கேருந்து துரு?"

அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அவர் பேசினதுதான் எனக்குக் கிடைச்ச பாடமே. எண்ணெய் இருக்கற இடத்துல துரு வராது, தூசி ஒட்டி கருப்பு பிசுக்காத்தான் ஆகும். ஸ்டீம் கசியற ஜாயிண்ட், பாய்லர் கழுவற பிளக், இதுங்களுக்குக் கீழ மட்டும் தண்ணில இருக்கற உப்பு வெள்ளை வெள்ளையா கோடு இழுக்கும். சூட்டுல ஸ்மோக்பாக்ஸ், அதான் இன்ஜின் முன்னாடி இருக்கற புகைப்பெட்டி, அதோட கருப்பு வெந்து சாம்பல் நிறமா மாறிடும், ஆயில் எரிச்சு ஓடற வண்டின்னா டேங்க் மூடியச் சுத்தி எண்ணெய் வழிஞ்ச தடம் இருக்கும். கல்லாறுலேருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரம் பல்தண்டவாளத்தைக் கடிச்சுக்கிட்டு ஏறுதுல்ல, அதோட கிரீஸ் வண்டி அடிவயிறெல்லாம் தெறிச்சிருக்கும்னார், அதை நான் யோசிச்சதே இல்ல. ஏறி இறங்கற கைப்பிடியில கை படற உயரத்துல மட்டும் பெயிண்ட் போய் இரும்பு மின்னும், படியில நடுப்பகுதிதான் தேயும்.

வீட்டுக்கு வந்து ஸ்கேல் வெச்சு அளந்தேன். நான் போட்ட ஒரு மிமீ பெயிண்ட் திட்டு நிஜ வண்டில 22 மிமீக்கு மேல வருது, கிட்டத்தட்ட ஒரு இன்ச், அந்த மாதிரி நாப்பது அம்பது திட்டு போட்டிருந்தேன். தினம் தொடைக்கற ஆளுங்க இருக்கற வண்டிய நான் அனாதையா காட்டியிருக்கேன்னு நெனச்சப்ப நெஜமாவே வருத்தமா இருந்துச்சு.

பாதி பெயிண்ட்ட சொரண்டிட்டு மறுபடி ஆரம்பிச்சேன். இந்தத் தடவ சுத்தக் கருப்ப தொடவே இல்ல, சின்ன ஸ்கேல்ல அது ரொம்ப கடுமையா தெரியும், சாம்பல் கலந்துதான் அடிச்சேன். ராடுக்கு மட்டும் கொஞ்சம் பளபளக்கற கிளாஸ் வார்னிஷ், எண்ணெய் ஈரம் தெரியணும்னு. துரு மொத்தமா மூணே இடம்.

போன ஞாயித்துக்கிழமை மறுபடி கொண்டு போனேன். ராடப் பாத்தார், ஒன்னும் சொல்லல. டிரைவர் நிக்கற கேபுக்குள்ள குனிஞ்சு தேடிட்டு, "வேஸ்ட் எங்க தம்பி வெச்சிருக்க?"ன்னார்.

இப்ப ஒரு சிட்டிகை பஞ்சு கருப்புத் தண்ணில ஊறிக்கிட்டு இருக்கு.